டிங்சர் நோட்டில் அமாவாசை

ஆரணியில் அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நான் எழுத்தராகப் போய்ச் சேர்ந்தது 1982 ஜூன் முதல் வாரம். சம்பளப் பட்டியல், சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் இவற்றோடு முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்புக்கு வந்தது. பெட்டிக்குள் பஞ்சு, துணிச் சுருள், ஒரு பாட்டில் டிங்சர். டிங்சர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தலைமையாசிரியை குறைப்பட்டுக்கொண்டதால், யாருக்குப் போட்டேன், எதற்குப் போட்டேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, பெயர், வகுப்பு, காயம் எங்கே, எப்படிப் பட்டது. ஐந்து கட்டம். கீழே வரும் தேதிகளும் எண்ணிக்கைகளும் அந்த நோட்டைப் பார்த்து எழுதியவைதான்.

ஆகஸ்ட் 18, புதன்கிழமை. காலை மணி அடிப்பதற்குள் ஏழு பேருக்கு டிங்சர் போட்டேன். ஏழாவதாக நின்றவள் ஜெபராணி, ஒன்பதாம் வகுப்பு. இரண்டு முழங்காலும் ஒரு முழங்கையும் தோல் உரிந்திருந்தன.

“சைக்கிள்ல இருந்து விழுந்தியா?” என்று கேட்டேன்.

“நான் விழலைங்க. சைக்கிள்தான் விழுந்துது. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன்.”

“எறங்கினவளுக்கு முட்டி எப்படிப் பேந்துது?”

“ஜல்தியா எறங்கினேங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கு முன்னால் உள்ள பாவடித் தெருவில் வந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து நெல் லாரி ஒன்று ஹாரன் அடித்திருக்கிறது. இவள் சாக்கடை ஓரம் ஒதுங்கினாள். ஓரத்தில் ஏற்கெனவே நாலு சின்னப் பெண்கள் ஒதுங்கி நின்றிருந்தார்கள். இடம் இல்லை. குதித்தாள். லாரியின் பின்சக்கரம் சைக்கிளின் முன்சக்கரத்தின் மேல் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவளுடைய அப்பா வந்தார். பெயர் சாலமோன். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சட்டையிலிருந்து வார்னிஷ் வாசனை அடித்தது. கையில் ஒரு விண்ணப்பம், மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு.

“எந்தப் பள்ளிக்குப் போறா?” என்று கேட்டேன். சான்றிதழில் அது தேவையில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“எங்கயும் இல்லைங்க. வீட்டுல என்னோட காயில் சுத்தட்டும். என்னைவிட நல்லா சுத்துவா.”

அவர்கள் ஊர் சின்னக்குளத்தூர். ஆரணியிலிருந்து நாலு மைல். முதல் பஸ்ஸே பத்தேகாலுக்குத்தான் வந்து சேரும், அன்றைக்கு அவர் வந்ததும் அதில்தான். சைக்கிள் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சைக்கிளுக்கு வேறு சக்கரம் மாட்டியாகிவிட்டதாம், ஆனால் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தார். அதைத் தொட்டுக் காட்டினார்.

பியூன் சடையன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “அமாவாசையில பொண்ணை அனுப்பினதே தப்புங்க,” என்றார் சாலமோனிடம். “இந்தத் தெருவுல அமாவாசைக்கு ஒரு அடி இல்லாமப் போவாது. மாசா மாசம் பாக்குறோமே. பாதி வீட்டுல அன்னிக்குப் பிள்ளைங்களை அனுப்பறதே இல்ல.”

“நாங்க வேதக்காரங்க. அமாவாசை எல்லாம் பாக்கறதில்ல.”

“நீங்க பாக்கலன்னா அது உங்களைப் பாக்காதா?”

சாலமோனுக்குக் கோபம் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, எரிஞ்சுபோன மோட்டார் ஒண்ணு எங்கிட்ட வருதுன்னு வெச்சுக்குங்க. ஏன் எரிஞ்சதுன்னு தெரியாம நான் காயில் கட்டிக் குடுக்க மாட்டேன். குடுத்தா மறுவாரமே திரும்பி வரும். அமாவாசைன்னா இன்னா? வானத்துல நெலா இல்ல. நெலா இல்லாததுக்கும் லாரிக்கும் இன்னா சம்பந்தம்? அதைச் சொல்லுங்க, சாவியை அவ கையில குடுத்துடறேன். சொல்ல முடியலன்னா சர்ட்டிபிகேட்டை எழுதுங்க.”

விண்ணப்பத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன். “ஒரு மாசம் டயம் குடுங்க,” என்றேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சடையன் சொன்னதை மறுத்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் இருந்தது.

அவர் போனதும் டிங்சர் நோட்டை எடுத்தேன். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். சாதாரண நாளில் ஒன்று அல்லது இரண்டு பேர். பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே பட்ட அடி: பென்சில் சீவும்போது, கோகோ விளையாடும்போது. ஜூன் 21 காலையில் மட்டும் நாலு பேர். ஜூலை 20 காலையில் ஐந்து பேர். ஆகஸ்ட் 18 காலையில் ஏழு பேர். எல்லாருடைய ஐந்தாவது கட்டத்திலும் ஒரே மாதிரி: லாரிக்கு ஒதுங்கி விழுந்தது. மூன்று தேதியிலும் காலண்டரில் கறுப்பு வட்டம் போட்டிருந்தது.

அதோடு வருகைப் பதிவேட்டையும் பார்த்தேன். அந்த மூன்று நாளும் பள்ளிக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட நாற்பது பேர் குறைவு. ஆக, நடக்கிற பிள்ளைகள் குறைந்த நாளில் அடி அதிகமாகியிருக்கிறது. இது எனக்குப் பிடிபடவே இல்லை. சடையன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “சொன்னேன்ல?” என்றார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பாவடித் தெருவைக் காலையில் பார்த்ததே கிடையாது. என் அறை பஸ் நிலையத்துப் பக்கம். அங்கிருந்து பள்ளியின் பின்வாசல் வழியாக வந்துவிடுவேன். சாயங்காலம் பார்த்திருக்கிறேன், அப்போது அது மற்றத் தெருக்களைப் போல ஒரு தெரு. எங்கள் ஊர் வெம்பாக்கத்துக்கு அந்தண்டை. நெல்லும் வேர்க்கடலையும்தான் தெரியும். ஒரு பட்டுச்சேலை தறிக்குப் போகும் முன்னால் என்னென்ன ஆகிறது என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

ஆகஸ்ட் 23, திங்கட்கிழமை, காலை ஆறேமுக்காலுக்குப் போய் நின்றேன். தெருவின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பெருக்கல் குறி போலக் கட்டின மூங்கில் கால்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் அரக்கு நிறத்தில் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், ஒரு பாய் அகலத்துக்கு விரித்துக் கட்டியிருந்தது. அதுதான் பாவு. சேலையின் நீளவாட்டு இழை முழுக்க அதில் இருக்கிறது. ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழைகளை விரலால் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கஞ்சி தடவிக்கொண்டு போனார். பள்ளிப் பிள்ளைகள் பாவுக்கும் வீட்டுப் படிகளுக்கும் நடுவே உள்ள ஓரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். சைக்கிள்காரப் பெண்கள் மணி அடித்து மெல்லப் போனார்கள். பாவில் கை வைத்த சின்னவளை ஒரு கிழவர், “தே, எடு கையை!” என்று அதட்டினார், அவ்வளவுதான்.

நான் ஒரு தாளில் கட்டம் போட்டு எண்ணினேன். ஏழு மணி முதல் ஒன்பதரை வரை: நடந்து வந்தவர்கள் 214, சைக்கிள் 37, மாட்டுவண்டி 0, லாரி 0.

செவ்வாய்க்கிழமை லாரி 0. புதன்கிழமையும் 0. லாரி வராத தெருவில் லாரிக்கு ஒதுங்கி எப்படி விழுகிறார்கள்?

புதன்கிழமை, இழை முடிந்துகொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கினாள். முப்பது வயதிருக்கும். “மூணு நாளா வந்து நிக்கிறீங்க. யாரைப் பாக்குறீங்க? மாப்பிள்ளையையா?”

“லாரியைப் பாக்கிறேன்.”

“லாரியா?” அவள் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். “ஏய், பள்ளிக்கூடத்துக் கிளார்க்கம்மா லாரி பாக்க வந்துகீறாங்க! நம்ம தெருவுக்கு!” வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவள் பெயர் ஜெயம் என்று அப்போதுதான் தெரிந்தது, “ஜெயம், வேலையைப் பாரு” என்று யாரோ அதட்டினார்கள்.

“ஏன், வராதா?” என்றேன்.

“பாவு கெடக்கச்சொல்ல லாரி எப்டிங்க வரும்? இழை மேல ஏத்துவானா? ஏத்திட்டு உசுரோட போவானா?”

“ஆனா போன புதன்கிழமை வந்துச்சே. ஒரு பொண்ணோட சைக்கிள் மேல ஏறிச்சு.”

“போன புதன்கிழமை அமாவாசைங்க.”

“அமாவாசைன்னா?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல. “அமாவாசைக்கு நாங்க நூலைத் தொட மாட்டோம். தறிக்கு லீவு. பாவு ஏது அன்னிக்கு?”

நான் தாளை மடித்தேன். மறுபடி பிரித்தேன். நெல் லாரிகள் போளூர் பக்கத்திலிருந்து அரிசி ஆலைக்கு வருகின்றன. நாள்தோறும் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன, பாவடித் தெரு அடைத்திருப்பதால். மாதத்தில் ஒரு நாள் தெரு திறந்து கிடக்கிறது. அன்றைக்கு எல்லா லாரியும் குறுக்கே புகுந்துவிடுகின்றன. இருபத்தெட்டு நாள் லாரியே பார்க்காத பிள்ளைகள் தெருவின் நடுவிலேயே நடக்கிறார்கள். ஆரணியில் பிறந்த எல்லாருக்கும் பாவும் தெரியும், அமாவாசை லீவும் தெரியும், லாரியும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அமாவாசைக்குப் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

“ஜெயம், நீங்க ஒரு புள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை மீட்டுக் குடுத்திருக்கீங்க,” என்றேன்.

“நானா? நான் இன்னா பண்ணேன்?” என்றாள். இழையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றே சாலமோனுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் நாலு வரி ஓடியது. சனிக்கிழமை வந்துவிட்டார். நோட்டு, காலண்டர், என் தாள் மூன்றையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டார்.

“சாயங்காலம் பாவு கெடக்காதே, அப்ப?” என்றார்.

“லாரி எல்லாம் காலையிலதான் நெல் இறக்க வருது. சாயங்காலம் எண்ணிப் பாத்தேன். மூணு நாள்ல ஒண்ணு. காலியா.”

“காரணம் சரிதான்,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள், “ரிப்பேர்?” என்றார்.

“அமாவாசைக்கு மட்டும் அவளை நிறுத்திக்குங்களேன்,” என்றேன்.

“ஃபியூஸ் போவுதுன்னு மோட்டாரை நிறுத்தி வெக்கறதாம்மா ரிப்பேரு? என் பொண்ணு நிப்பா. மத்த ஆறு பேர்? அவங்களுக்கும் நீங்கதானே டிங்சர் போடணும்? நாளைக்கு அமாவாசையில பரீட்சை வெச்சா? நான் கூட்டிகினு வரலாம், ஒரு நாள், ரெண்டு நாள். அப்புறம் ஒரு நாள் எனக்கு வேலை வந்துடும், நீயே போம்மான்னு சொல்லிடுவேன். அன்னிக்குத்தான் நடக்கும்.” சாவி இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

தலைமையாசிரியை வேறு நெருக்கினார். செப்டம்பர் 20 திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு. அதற்கும் அந்தப் பெண் வராவிட்டால் மாற்றுச் சான்றிதழை எழுதிக் கொடுத்துப் பெயரை எடுத்துவிடு, பதிவேட்டில் ஓட்டை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்றார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, 17ஆம் தேதி, அமாவாசை. மகாளய அமாவாசை.

வேகத் தடுப்பு மேடு கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். கிடைக்கப்பெற்றோம் என்று ஒரு பதில் வந்தது. மேடு என்றதும் தெருவில்தான் முதலில் எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தெருவுக்குப் பெரியதனம் சுப்பராயலு. மூங்கில் கால்கள் எல்லாம் அவர் வீட்டுச் சந்தில்தான் அடுக்கியிருக்கும். “மேடு போட்டா என் கால் எப்டிம்மா சமமா நிக்கும்? பாவு ஒரு பக்கம் தொய்யும். வேணாம், வேணாம்.”

ஆகவே சாலமோனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலுவிடமே போனோம். ஜெயம் அவருடைய தம்பி மனைவி என்பது அங்கே போனபின்தான் தெரிந்தது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அமாவாசைக்குக் கால் மட்டும் நட்டு வெச்சுக் குடுங்க. நூல் வேணாம்,” என்றேன்.

“கால் குடுக்கறதுக்கு இன்னா? நாப்பது கெடக்குது. ஆனா வெறுங்காலை நட்டு வெச்சா பாக்கறவன் இன்னா நெனப்பான்? சுப்பராயலு தெருவுல பாவு அறுந்துபோச்சுன்னு நெனப்பான். எங்கப்பா காலத்துலேருந்து இந்தத் தெருவுல பாவு அறுந்து யாரும் பாத்ததில்ல. அந்தப் பேரு எனக்கு வேணாம்மா.”

சாலமோன் அந்தப் பதிலை நியாயமான பதிலாக எடுத்துக்கொண்டு யோசித்தார். “அப்ப ஒண்ணு கேக்கறேங்க. லாரிக்காரன் எதைப் பாத்துத் திரும்பறான்? காலைப் பாத்தா, நூலைப் பாத்தா?”

சுப்பராயலு யோசித்தார். ஜெயம் யோசித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. லாரியின் பக்கத்திலிருந்து அந்தத் தெருவை யார் பார்த்தது?

திங்கட்கிழமை காலை சாலமோன் இருட்டோடு சின்னக்குளத்தூரிலிருந்து நடந்தே வந்துவிட்டார். பாவு விரித்தபின், தெருமுனைக்கு நூறடி தள்ளி, ரோட்டின் நடுவில் ஒரு காலி டிரம்மைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார், ஓட்டுநர் உட்காருகிற உயரத்துக்கு. போகிற சைக்கிள்காரர்கள் எல்லாம், “இன்னா அண்ணே, கட்சிக் கூட்டமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“இழை தெரியலைங்க. காலும் சரியாத் தெரியல. கலர்தான் தெரியுது. தெரு நடுவுல நீளமா ஒரு கலர்.”

“கலர்தானே?” என்றாள் ஜெயம். “அதுக்கா இவ்ளோ பேஜாரு? அமாவாசைக்கு அத்தினி வீட்டுலயும் தலை முழுகித் துணி துவைக்கிறோம். கொல்லையில காயப்போடறதைத் தெருவுல போட்டா ஆச்சு. ஏன் மாமா, சேலை காயறதுக்குக் கால் நட்டா உங்க பேரு கெட்டுப்போவுமா?”

சுப்பராயலு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “துணி காயறதுக்கு நான் இன்னா சொல்றது,” என்றார்.

17ஆம் தேதி. ஏழு மணிக்குள் பாவடித் தெரு நான் அதுவரை பார்க்காத கோலத்தில் இருந்தது. ஆண்கள் பாதிப் பேர் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். ஈரத் தலையோடு பெண்கள் கால்களைத் தூக்கிவந்து நட்டார்கள். மேலே கிளிப்பச்சைச் சேலை, கத்தரிப்பூ நிறச் சேலை, ஜமுக்காளம், போர்வை, யாருடையதோ கோடுபோட்ட லுங்கி. “லுங்கியை எடுடி, பாவு எங்கயாச்சும் கோடு கோடா இருக்குமா?” என்று ஒருத்தி கத்தினாள். எடுத்தார்கள். கால்களை அடுக்கியிருந்த சுப்பராயலு வீட்டுச் சந்து பள்ளியின் பக்கம். அங்கிருந்தே நட்டுக்கொண்டு வந்ததால் வரிசை தெருவின் பாதியில் நின்றுவிட்டது. லாரி நுழைகிற முனைப்பக்கத்து மிச்சத்துக்குத் துணி போதவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

சாலமோன் விடியும்போதே வந்து ஒரு மின்கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். ஏழரைக்குச் சொன்னார்: “பொண்ணு சைக்கிள்ல கௌம்பியிருப்பா. சாவியைக் குடுத்துட்டுத்தான் வந்தேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு. பாத்துட்டுத்தான் மத்தது.”

ஏழு நாற்பதுக்கு முதல் லாரி தெருமுனையில் நின்றது. ஹாரன் இல்லை. பத்து விநாடி போல நின்று, பஸ் நிலையப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஜெயம் ஈரத் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு ஐம்பத்தைந்துக்கு இரண்டாவதும் அப்படியே. நான் கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

எட்டேகாலுக்கு மூன்றாவது லாரி. இது நிற்கவில்லை. உள்ளே வந்துவிட்டது. பாதித் தெருவரை, முதல் சேலைக்குப் பத்தடி தூரம் வரை வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார். நாற்பது வயது, நெற்றியில் விபூதி. “இன்னிக்கு அமாவாசையாச்சே. பாவு ஏது?” என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்து கிளிப்பச்சையைத் தொட்டுப் பார்த்தார். “சேலை!”

“ஆமாம், சேலைதான். பட்டு இல்ல, நூல்சேலை. கையை எடுங்க, இப்பதான் அலசினது,” என்றாள் ஜெயம்.

“ஏம்மா, லோடு வண்டியை நிறுத்தி வெச்சிட்டுத் துணி காயப் போட்டுகினு இருக்கீங்களே. எடும்மா, போவணும்.”

“வெயில் வந்ததும் எடுக்கறோம்.”

“வெயில் வரவரைக்கும் நான் இன்னா பண்ணுவேன்?”

“நேத்து இன்னா பண்ணீங்க? அதையே பண்ணுங்க.”

எனக்கு அந்த மனிதரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. “பாவு இருந்தா ஏன் திரும்பிடறீங்க?” என்றேன். பெயர் கேட்டேன், அருணகிரி என்றார். கோபமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நிதானமாகவே சொன்னார்.

“ஒரு இழை அறுந்தா தெருவே கூடிச் சாவியைப் புடுங்கிக்கும்ங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு யாரும் அறுத்ததில்ல.”

“பிள்ளைங்க மேல பட்டா?”

அவர் தெரு ஓரத்தைப் பார்த்தார். அங்கே நாலைந்து பெண்கள் புத்தகப் பையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வேணும்னு யாராச்சும் மோதுவாங்களாம்மா? எனக்கும் ரெண்டு பொண்ணு. வழி தெறந்து கெடந்தா வரோம். அடைச்சிருந்தா சுத்திப் போறோம். சுத்தினா எட்டு நிமிஷம். மத்தபடி மனசுல ஒண்ணும் இல்லைங்க.”

“கரண்டு மாதிரி,” என்றார் சாலமோன், மின்கம்பத்தை விட்டு நகர்ந்து வந்து. அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. “எங்க வழி இருக்கோ அங்க போவும்.”

“ஆங், அப்டித்தான் வெச்சுக்குங்க,” என்றார் அருணகிரி. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். சரி, போய்விட்டார் என்று நாங்கள் எல்லாரும் ஆசுவாசமாகத் துணிப்பக்கம் திரும்பினோம்.

லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. அந்தத் தெருவில் திருப்ப இடம் இல்லை. ரிவர்ஸிலேயே முனைவரை போக வேண்டும். எட்டு இருபது. பள்ளிக்கு வருகிற கூட்டம் அப்போதுதான் தெருமுனைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அருணகிரிக்குப் பின்னால் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கோ அது நின்றுகொண்டிருந்த வண்டி. சைக்கிள் மணி ஒன்று கேட்டது.

சாலமோன் ஓடினார். ஓடிக்கொண்டே லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் டமால் டமாலென்று அடித்தார். “நிறுத்து! நிறுத்துய்யா! பிள்ளைங்க!” லாரி குலுங்கி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்பலகைக்கு ஆறடி தூரத்தில் ஜெபராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர்.

“இன்னாப்பா?” என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாலமோனுக்கு மூச்சு வாங்கியது. சைக்கிள் ஹாண்டில்பாரில் கை வைத்தார். எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். இழுப்பறையில் இருந்த விண்ணப்பம் ஞாபகம் வந்தது. நாங்கள் செய்துவைத்த காரியம், லாரி நேராகப் போயிருந்தால் இருந்திருக்கக்கூடிய ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்திருந்தது.

அவர் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். பிள்ளைகளை ஒரு வீட்டுப் படியில் ஏற்றினார். முனைக்குப் போய் நின்று இரண்டு கையையும் வீசி, “வா, வா, ரைட்ல ஒடி, வா,” என்று லாரியை வெளியே எடுத்துவிட்டார். அருணகிரி வியர்த்த முகத்தோடு தலையை வெளியே நீட்டி, “நாளபின்ன உள்ள வர மாட்டேங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு சாலமோன் நேராகத் துணி வரிசைக்கு வந்தார். முதல் காலை, மேலே கிடந்த கிளிப்பச்சைச் சேலையோடு சேர்த்துத் தோளில் தூக்கினார்.

“ஐயய்யோ, மண்ணுல பொரளுது!” என்றாள் ஜெயம்.

“மறுபடி அலசிக்கலாம்மா. தப்பு எங்க தெரியுதா? நடுவுல அடைச்சோம். வாயில அடைக்கணும். உள்ள வந்துட்டவனைத் திருப்பி அனுப்பறதுதான் ஆபத்து.” தெருமுனைக்குக் கொண்டுபோய் நட்டார். ஜெயம் அடுத்த காலைத் தூக்கினாள். இன்னும் மூன்று பெண்கள். ஜெபராணியும் படியை விட்டு இறங்கி ஒரு காலின் மறுமுனையைப் பிடித்தாள். எட்டரைக்குள் வரிசை முனையிலிருந்து ஆரம்பித்தது. நடுவில்தான் வெறும் இடம், அது இருந்தால் பரவாயில்லை என்று எல்லாருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அதன்பிறகு நாலு லாரி வந்தன. நாலும் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. அன்று காலை டிங்சர் நோட்டில் ஒரு பெயர். ஜெயம், வயது 31, மூங்கில் சிலாம்பு குத்தியது.

சாலமோன் பஸ் ஏறப் போகும்முன் என் மேஜைக்கு வந்தார். விண்ணப்பத்தைக் கேட்பாரோ என்று இழுப்பறையைப் பாதி திறந்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “பொண்ணு சாயங்காலம் தானா வந்துடுவா,” என்றார். “திங்கட்கிழமை பரீட்சைக்கு இன்னா கொண்டுவரணும்னு அவகிட்ட சொல்லிடுங்க. ஒரு மாசப் பாடம் விட்டுப்போச்சு.” இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டார், அங்கே சாவி இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஜெபராணி தேர்வு எழுதினாள். ஆங்கிலத்தில் தேறவில்லை. அறிவியலில் வகுப்பில் இரண்டாவது.

அக்டோபர் முதல் வாரம் சாலமோனிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. “அம்மா, வணக்கம். பொண்ணு தினமும் வருகிறாள். ஒரு சந்தேகம். மழை நாளில் பாவு போட மாட்டார்கள் அல்லவா? துணியும் காயப்போட முடியாது. ஐப்பசி வருகிறது. பார்த்துச் சொல்லவும்.”

எனக்கு முதுகில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது. நோட்டைப் புரட்டினேன். நான் சேர்ந்ததிலிருந்து காலையில் பெய்த மழை இரண்டே நாள், இரண்டு நாளும் டிங்சர் யாருக்கும் போடவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் பள்ளிக்கு வந்ததே பாதிப் பேர்தான். இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. லாரி வந்ததா, வரவில்லையா? மழையில் நெல் ஏற்றுவார்களா? தார்ப்பாய் போட்டு ஏற்றுவார்களா? அருணகிரியைத்தான் கேட்க வேண்டும்.

புது அஞ்சலட்டை ஒன்று எடுத்து எழுதினேன்: “தெரியவில்லை. முதல் மழை அன்று காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் குடையோடு நிற்பேன். நீங்களும் வந்தால் இரண்டு பக்கமும் எண்ணலாம்.”